ஏடி டயரா, எம்டி டயரா? ராமநாதபுரம் கடற்கரைத் தரைக்கு எது ஒத்துவரும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி வண்டி ஓட்டுகிறவருக்கு ஆல்-டெரைன் (எல்லாத் தரைக்குமானது) எனப்படும் ஏடி டயர்தான் சரி. மட்-டெரைன் (சேற்றுக்கானது) எனப்படும் எம்டி டயரால் உண்மையில் பயன் பெறுகிறவர் கடற்கரையில் இல்லை. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் காட்டுக்குள்ளும் கண்மாய்க்கரையிலும் போய்த் திரும்ப வேண்டியவர் அவர். சேறு என்றாலே எம்டி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தச் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கிறதா? பதில் அதில்தான் இருக்கிறது.

இரண்டு டயருக்கும் உள்ள வேறுபாடு பட்டனில், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகளில், தொடங்குகிறது. ஏடி டயரில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்கள் உண்டு. புதிதில் பட்டன் ஆழம் சுமார் 10 முதல் 12 மி.மீ. எம்டியில் பட்டன்கள் பெரிது, இடைவெளி அகலம், ஆழம் சுமார் 13 முதல் 16 மி.மீ., கீறல்கள் குறைவு. பக்கச்சுவரும் தடிமனாக இருக்கும். தோள்பட்டையில், அதாவது பக்கச்சுவர் தொடங்கும் ஓரத்தில், தனியாகப் பட்டன் ஏறியிருக்கும். அகலமான இடைவெளி சேற்றைக் கவ்வி வெளியே வீசுவதற்காக வைத்தது. அந்த வேலை இல்லாத இடத்தில் அதே இடைவெளி சத்தமாகவும், கூடுதல் டீசலாகவும், முள் இறங்கும் வழியாகவும் மாறிவிடும்.

மணலில் என்ன நடக்கிறது

மணல் வண்டியைத் தாங்குவது பரப்பால்தான். எம்டியின் பட்டன் மேல்மணலை வெட்டிப் பின்னால் வாரி எறியும். சக்கரம் ஒருமுறை சுற்றி வண்டி நகராவிட்டால் அதே இடத்தில் அடுத்த சுற்றில் இன்னும் ஆழமாக வாரும். ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தால் நான்கைந்து விநாடியில் ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். ஏடியும் புதையத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. காலை எடுக்க நேரம் கிடைக்கும். பட்டன் பாதி தேய்ந்த ஏடி மணலில் புது டயரைவிட நன்றாகவே மிதந்து போகும். (மழைத் தார்ச்சாலையில் அதே டயர் ஆபத்து. சட்டப்படி 1.6 மி.மீ. குறைந்தபட்சம், ஆனால் 3 மி.மீ.க்குக் கீழ் போனதும் மாற்றிவிடுவது நல்லது.)

மணலில் டயர் வகையைவிடப் பெரிய விஷயம் காற்று. சாலையில் 30, 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருக்கும் வண்டியை அதே காற்றோடு தென்னந்தோப்பு மணலுக்குள் இறக்கினால் எந்த டயர் போட்டிருந்தாலும் மாட்டிக்கொள்ளும். இறங்குவதற்கு முன் 20க்கு இறக்கிப் பாருங்கள். வண்டி திணறினால் 16 முதல் 18. மாட்டிக்கொண்டு வெளியே வர மட்டும் 12 வரை போகலாம். அந்த அளவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலோ, சட்டென்று திருப்பினாலோ டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலில் டயர் கழன்றால் அன்று மாலை அங்கேதான். காற்று இறக்கியதும் டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் தரையில் படும். மிதப்பது அந்த நீளத்தால்.

இங்கே எம்டி வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கனமான பக்கச்சுவர் உள்ள டயர் 18 பிஎஸ்ஐயில் வளையவே வளையாது. ஏடி 18இல் தரும் படிமானத்தை, 10 பிளை ரேட்டிங் (டயரின் கெட்டித்தன்மைக்கான அளவு) உள்ள எம்டி 12, 13க்கு இறங்கினால்தான் தரும். அது டயர் கழலும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாருதி ஜிம்னி போன்ற சுமார் 1,200 கிலோ வண்டிக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். அதன் எடைக்கு அவ்வளவு கெட்டியான டயர் வளைந்தே கொடுக்காது.

கடற்கரை முழுக்க ஒரே மணலும் அல்ல. ராமேசுவரம் தீவிலும் உச்சிப்புளி பக்கமும் நைஸ் மணல். கீழக்கரை முதல் வாலிநோக்கம் வரை சிப்பித்தூளும் பவளத்துண்டும் கல்லும் கலந்து கிடக்கும். காற்று இறக்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கியிருக்கும். பவளக்கல்லின் விளிம்பு அதைக் கிழிக்கும். கல் தெரியும் இடத்தில் 22, 24க்குக் கீழ் இறக்காதீர்கள். எம்டியின் தடித்த பக்கச்சுவருக்கு இங்கே ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

நேரமும் கணக்கில் வரும். விடிகாலையில் பனி ஈரத்தோடு இறுகியிருக்கும் மணல் நண்பகலில் உதிரியாகிவிடும். வெயிலில் டயர் சூடேறினால் சுமார் 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் காற்று ஏறும். காலையில் 16 வைத்தது மதியம் 18, 19 காட்டினால் கேஜ் பழுது என்று நினைக்க வேண்டாம்.

தனுஷ்கோடியைப் பற்றி ஒன்று. அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. மணலில் இறங்கினால்தான் பழைய ஊரைப் பார்க்க முடியும் என்ற நிலை போய்விட்டது. மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆமை முட்டையிடும் கரையும் அதுதான், கடலாமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிர். படம் எடுக்க அங்கே வண்டியை இறக்குவதற்காக டயர் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் யோசனை இல்லை. இங்கே பேசுவது மீனவர் ஊர்களுக்கும் இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் தோப்புக்கும் போகும் மணல் பாதைகளைப் பற்றி.

பெண்கடல் பக்கத்துச் சேறு

மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். அலை அடங்கிய பெண்கடல் பக்கம் வண்டல் தங்கும். தேவிபட்டினம், காரங்காடு, தொண்டி என்று போகும்போது கரை மணலிலிருந்து சேறாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே உப்புப் பூத்துக் காய்ந்த ஓடு, அதன் கீழே களி. நடந்து போனால் தாங்கும். இரண்டு டன் வண்டியைத் தாங்குமா என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. உப்பளங்களுக்குப் பின்னால் இருக்கும் உவர்நிலமும் இதே கதைதான்.

இந்தச் சேற்றுக்கு எம்டி என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தவறு. எம்டி பட்டன் சேற்றை வீசி எறிய வேண்டுமென்றால் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். சுற்றும்போது அடியில் கெட்டித் தரை இருந்தால் பட்டன் அதைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். உப்பு ஓட்டின் கீழே அப்படி ஒரு தரை பெரும்பாலும் கிடைக்காது. ஓடு உடைந்த பிறகு எம்டி கிணறு வெட்டும். இங்கே வழி, ஓட்டை உடைக்காமல் போவது: காற்றை 16, 18க்கு இறக்கி, ஏடி டயரோடு, ஒரே சீரான வேகத்தில், திருப்பாமல், பிரேக் அடிக்காமல். ஓடு உடைவது தெரிந்தால் முன்னால் முயற்சி செய்யக் கூடாது. வந்த தடத்திலேயே ரிவர்ஸ். இன்னும் நல்ல வழி, வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போவது.

கரிசலும் கண்மாயும்

எம்டி தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இது. மழை பெய்த கரிசல் மண் ஏடியின் நெருக்கமான பட்டன் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். நூறு மீட்டர் போவதற்குள் நான்கும் மொட்டை டயர் ஆகிவிடும். ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி திரும்பாது, நேராக வழுக்கும். கண்மாய்க்கரை மேல் இப்படி வழுக்கினால் இறங்குவது தண்ணீருக்குள். எம்டி அதே மண்ணை அடுத்த சுற்றில் வீசிவிடும். மேல் சேற்றுக்குக் கீழே பழைய வண்டித்தடத்தின் கெட்டி இருக்கும்; ஆழமான பட்டன் அதைத் தேடிப் பிடிக்கும்.

ஆனால் வண்டிக்கு டிஃப்ரன்ஷியல் லாக் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைக்கும் பூட்டு) இல்லாவிட்டால் எம்டியின் பலன் பாதிதான். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும், மறுபக்கம் நிற்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் லாக் உண்டு. மஹிந்திரா தார் வண்டியின் சில மாடல்களில் பின் ஆக்சிலில் உண்டு. ஜிம்னியில் சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்துச் சமாளிக்கும் ஏற்பாடுதான். பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள தார், பொலேரோ ஆகியவற்றுக்கு எம்டி போடுவது பெரும்பாலும் அழகுக்கு. அதில் தப்பில்லை, ஆனால் சேற்றில் போகலாம் என்ற தைரியம் வேண்டாம்.

இந்தக் கரிசல் வழுக்கல் வருடத்தில் எத்தனை நாள்? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதிலும் மழை விட்ட பின் மூன்று நான்கு நாள் நல்ல வெயில் அடித்தால் மேல்மண் இறுகிவிடும். மீதி ஒன்பது மாதம் அதே காடு சிமெண்ட் தரை மாதிரி வெடித்துக் கிடக்கும். அந்த ஒன்பது மாதமும் எம்டி தேய்வதற்கு மட்டுமே ஓடும்.

முள்

ராமநாதபுரத்தில் டயர் தேர்வைப் பற்றிப் பேசிவிட்டு முள்ளைச் சொல்லாமல் விட்டால் அது வேறு மாவட்டத்துக்கு எழுதியது. சீமைக்கருவேலமும் உடைமரமும் இல்லாத பாதை இங்கே இல்லை. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி ஏற்றிய பாதையில் முள் கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடக்கும்.

எம்டி கனமான டயர், முள் ஏறாது என்பது பரவலான நினைப்பு. பட்டன் மேல் ஏறாதுதான். ஆனால் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் அகலமான பள்ளத்தில் ரப்பர் மெல்லியது. முள் குத்துவது அங்கேதான். மென்மையான தரையில் பள்ளமும் தரையைத் தொடும் என்பதால் ஆபத்து கூடும். ஏடியில் பள்ளம் குறுகல் என்பதால் முள் பெரும்பாலும் பட்டனில் ஏறி முறிந்து நிற்கும். மறுபக்கம், அரிவாளால் சரிவாக வெட்டிய கருவேலங்கட்டை பாதையோரம் ஈட்டி போல் நிற்கும். அது குத்துவது பக்கச்சுவரை. பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயர் மாற்றத்தான் வேண்டும். ஆக முள்ளுக்கு ஏடி, கட்டைக்கு எம்டி. கட்டை கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போகலாம், முள் தெரியாது.

காட்டிலிருந்து வெளியே வந்ததும் நான்கு டயரையும் சுற்றிப் பார்த்து, மேலே நீட்டியிருக்கும் முள்ளைக் குறட்டால் நேராக இழுத்து எடுங்கள். அப்படியே விட்டால் ஓட ஓட உள்ளே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் காற்று இறங்கி நிற்கும். எடுத்த இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டியூப்லெஸ் பஞ்சர் திரி ஒன்று போதும். அதே டயரில் நாலைந்து திரி ஏறிவிட்டால் கழற்றி உட்பக்கம் பேட்ச் போட்டு, முறிந்த முனைகள் உள்ளே இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். துணியைச் சுற்றித் தடவினால் முனை துணியில் மாட்டும், விரல் தப்பிக்கும்.

தார்ச்சாலைக் கணக்கு

மதுரையிலிருந்து ராமேசுவரம் சுமார் 170 கி.மீ. வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 87இலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும்தான் கழியும். 60, 70 கி.மீ. வேகத்தில் எம்டி முனக ஆரம்பிக்கும். தேயத் தேய அந்தச் சத்தம் கூடும். ஈரச்சாலையில் பிரேக் பிடித்தால் ஏடியைவிடத் தள்ளித்தான் நிற்கும், ஏனென்றால் தண்ணீரை வெட்டும் மெல்லிய கீறல்கள் குறைவு, தரையில் படும் ரப்பரும் குறைவு. தனுஷ்கோடிச் சாலையில் காற்றுக் காலத்தில் மணல் பறந்து தார் மேல் படியும். அந்த மெல்லிய மணல் படலத்தில் எந்த டயரும் வழுக்கும், எம்டி கூடுதலாக வழுக்கும்.

ஆயுள் என்று பார்த்தால் ஏடி பொதுவாக 50,000 கி.மீ. பக்கம் வரும், சாலையிலேயே ஓடும் எம்டி 30,000 முதல் 40,000க்குள் முடியும். எம்டி பட்டன் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்து ரம்பம் போல் தேயும். அதைத் தள்ளிப்போட 5,000 கி.மீ.க்கு ஒருமுறை டயரை இடம் மாற்ற வேண்டும். பின் டயர்களை நேராக முன்னுக்கு, முன் டயர்களைக் குறுக்காகப் பின்னுக்கு. ஏடிக்கு 8,000 முதல் 10,000 போதும். ஸ்டெப்னியும் அதே டயராக இருந்தால் அதையும் சுற்றில் சேர்த்து ஐந்து டயரையும் ஒன்றாகத் தேய விடுங்கள்.

முன்னால் ஏடி, பின்னால் எம்டி என்று கலந்து போடும் யோசனை சிலருக்கு வரும். ஃபோர்-வீல் வண்டியில் வேண்டவே வேண்டாம். சுற்றளவு கொஞ்சம் மாறினாலும் ஃபோர்-வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் சுமை ஏறும்.

சைஸும் எண்ணும்

கம்பெனி சைஸிலேயே ஏடி போடுவது எல்லாவற்றிலும் தொல்லை குறைந்தது. தாரின் 255/65 ஆர்18 டயரின் உயரம் சுமார் 789 மி.மீ. அதை 265/70 ஆர்18 ஆக்கினால் 828 மி.மீ.; ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் ஓடும். ஸ்டீயரிங் முழுக்க ஒடித்தால் உட்புறம் உரசவும் கூடும். ஜிம்னியின் 195/80 ஆர்15ஐ 215/75 ஆர்15 ஆக்கினால் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். கொஞ்சம் அகலம் மணலுக்கு உதவும். கம்பெனி அளவைத் தாண்டி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் கேள்விக்கு வரலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் அளப்பார். தாரில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் ஒவ்வொரு கூடுதல் கிலோவும் கீலில் ஏறும். கனமான எம்டி போட்டால் கதவு தொங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

டயரில் எழுதியிருக்கும் சுமை எண், கதவுச்சட்டத்து ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. வேக எழுத்து எம்டியில் பெரும்பாலும் ‘க்யூ’, 160 கி.மீ. வரை. அது நம் சாலைக்குத் தாராளம்.

2020 ஜூன் முதல் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு எம்டி ஒன்று கிழிந்தால் அதே டயர் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எம்ஆர்எஃப், அப்போலோ, ஜேகே, சியட், யோகோஹாமா ஆகியவற்றின் ஏடி வகைகள் மதுரையிலிருந்தாவது வந்துவிடும்.

உப்பு

இதில் டயர் வகை வேறுபாடு கிடையாது, ஆனால் இரண்டையும் கெடுப்பது இதுதான். உப்புக்காற்றில் இரும்பு ரிம்மின் டயர் உட்காரும் விளிம்பு துருப்பிடித்துப் பொருக்கு விடும்; வாரம் மூன்று நான்கு பிஎஸ்ஐ குறையும், பஞ்சர் எங்கும் தெரியாது. டயர் மாற்றும்போது அந்த விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளைக்குத் தேய்த்து, பீட் சீலர் (விளிம்பில் காற்றுக் கசிவை அடைக்கும் பசை) பூசி ஏற்றச் சொல்லுங்கள். இதைக் கேட்காவிட்டால் கடைக்காரர் செய்ய மாட்டார். அலுமினிய வால்வில் பித்தளைக் கோர் (வால்வுக்குள் இருக்கும் ஊசி) போட்டால் உப்பில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது வால்வே முறியும். நிக்கல் பூசிய கோர் போட்டு, மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். கடல் தண்ணீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் சக்கரத்தின் உட்பக்கத்தையும் பிரேக்கையும் கழுவ வேண்டும்.

யாருக்கு எது

ராமநாதபுரம் டவுனில் இருந்துகொண்டு வாரக்கடைசியில் அரியமான், தனுஷ்கோடி என்று போகிறவருக்குக் கம்பெனி டயரே போதும். தேய்ந்த பின் ஏடி போடலாம். இறால் பண்ணை, உப்பளம், தோப்பு என்று தினமும் மணலில் இறங்குகிறவருக்கு ஏடி, அதோடு கம்ப்ரசர். கடலாடி, கமுதிக் கரிசலில் மழைக்காலத்திலும் போயே ஆக வேண்டிய ஃபோர்-வீல் வண்டிக்கு எம்டி. வசதி இருந்தால் அதை இரண்டாவது ரிம் செட்டில் ஏற்றி, புரட்டாசி முடிவில் மாட்டித் தை மாதம் கழற்றி வைக்கலாம். ஒரே செட்தான் முடியும் என்றால் ஏடி வாங்கி, மிச்சப் பணத்தில் கீழே சொல்லும் சாமான்களை வாங்குங்கள்.

பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் 12 வோல்ட் கம்ப்ரசர் (சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது பெரிய டயருக்கு ஃபியூஸைத்தான் எரிக்கும்). 60 பிஎஸ்ஐக்கு மேல் போகாத, சின்ன எண்களும் தெளிவாகத் தெரியும் கேஜ். பஞ்சர் திரி, குறடு. ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி, 18 மி.மீ. பிளைவுட், அது இல்லாமல் மணலில் ஜாக்கி தான் மட்டும் கீழே இறங்கும். மண்வெட்டி. சக்கரத்துக்கு முன் போட பனைமட்டை பக்கத்திலேயே கிடைக்கும். கருக்குப் பக்கம் டயரில் படாமல் கீழ்நோக்கிப் போடுங்கள், அல்லது கருக்கைச் சீவிவிடுங்கள். தார்ச்சாலைக்கு ஏறியதும் காற்று நிரப்பும் வரை 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 15 பிஎஸ்ஐயில் 80 பிடித்தால் பக்கச்சுவர் உள்ளுக்குள் வெந்து, வெளியே ஒன்றும் தெரியாமல், பிறகு ஒருநாள் வெடிக்கும்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள் இங்கே நிறைய. அவற்றில் பட்டன் தேய்வதற்கு முன் ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். எனவே ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த டயரைத் தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். ஸ்டெப்னியின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்; வண்டியோடு வந்த அந்த டயரைப் பெரும்பாலும் யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.